தையல்நாயகி என்ற பெயரில்

குப்புராஜ் பழப்பையோடு வாசலில் வந்து நின்றபோதே, ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று அங்காளம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் அவளுடைய ஒற்றை அறைக்கு அவன் வந்து வருஷக்கணக்கு ஆகிறது. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, அங்காளம்மாவின் தங்கை தையல்நாயகி, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாதவள்போல நின்றிருந்தாள்.

"உள்ள வாடி. இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு கீற?" என்றாள் அங்காளம்மா.

பெருங்களத்தூரில் இரண்டு அடுக்குமாடி வீடுகளில் சமையலை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. லிஃப்ட் ஓடாத நாளில் மூன்றாவது மாடிப் படிக்கட்டைப் பார்த்தாலே அழுகை வந்துவிடும். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். இருந்த ஒரே நாற்காலியில் குப்புராஜ் உட்கார்ந்தான். தங்கை தரையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு வேல முடிஞ்சி போச்சுக்கா," என்று மனைவியைக் காட்டி ஆரம்பித்தான் குப்புராஜ். "அம்பத்தெட்டு ஆய்டுச்சின்னு நிறுத்திட்டானுங்க."

தையல்நாயகி மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி ஒன்றுதான், ஆள் வைக்கும் கான்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருந்தான். முதல் கான்ட்ராக்டர் சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்தான், எங்கும் கட்டவில்லை. இரண்டாவது ஆள் பிடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. மூன்றாவதாக வந்தவன் மட்டும் ஒழுங்காகக் கட்டினான். எட்டு வருஷம் தரை துடைத்ததில் கணக்கில் ஏறியது மூன்றரை வருஷம்தான். வேலையை விட்டு நிற்கும்போது அவனுடைய ஆபீஸில் இருந்த சத்யப்ரியா என்ற பெண்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பத்து வருஷம் கணக்கில் இருந்தால் சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் வரும். இல்லாவிட்டால் கையில் ஒரு தடவை கொஞ்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். 'இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களாம்மா? பழைய பி.எஃப். நம்பர் இருந்தா சேர்த்துடலாம்' என்று கேட்டாளாம்.

"உன் கம்பெனிது ஏழு வருஷம் கீது இல்லக்கா," என்றான் குப்புராஜ்.

அங்காளம்மாவின் கை முழங்காலில் அப்படியே நின்றது.

கல்யாணமான மூன்றாம் வருஷமே அவளைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். செம்பாக்கத்தில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பாவுக்கு இருந்த நிலமெல்லாம் மனைக்கட்டாகப் போய், அந்தப் பணமும் கரைந்திருந்த நேரம். சானடோரியம் பக்கம் சட்டை தைக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பெண்களை எடுத்தார்கள். எட்டாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும், முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அங்காளம்மா படித்தது மூன்றாவதுவரை, வயது முப்பத்துமூன்று. தங்கைக்கு இரண்டும் சரியாக இருந்தது. அவள் அப்போது கல்யாணமாகி மேடவாக்கத்தில் இருந்தாள். தங்கையின் பள்ளிக்கூடச் சான்றிதழை அப்பாதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "யார் வந்து பாக்கப் போறாங்க" என்றார்.

அப்படித்தான் அங்காளம்மா கம்பெனிக்குள் தையல்நாயகி ஆனாள். ஏழு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரில், தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டினாள். 'நாயகி' என்று யாராவது கூப்பிட்டால் யோசிக்காமல் திரும்பும் அளவுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றப் பெண்கள் அலைந்து திரிந்து பி.எஃப். பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அங்காளம்மா வாங்க வேண்டுமானால் தையல்நாயகி பேரில் பாங்கிக் கணக்கு வேண்டும், தையல்நாயகியே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அதைக் கேட்கத்தான் அன்றைக்கு அவள் மேடவாக்கம் போனாள். தங்கை சரியென்று தலையாட்டினாள். குப்புராஜ் குறுக்கே வந்து நின்றான். "நாளிக்கி கேஸு கீஸுன்னு ஆச்சின்னா யாரு உள்ள போறது? எம் பொண்டாட்டியா?" என்றான். அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

இப்போது அதே குப்புராஜ் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கி கேஸாவும்னு சொன்னியே மாப்ள. இன்னிக்கி ஆவாதா?"

"அப்ப எனுக்கு ஒண்ணியும் தெரியாதுக்கா. இப்ப விசாரிச்சிகினுதான் வந்தேன். பேரு ஒண்ணு, அப்பா பேரு ஒண்ணு, பொறந்த தேதியும் ஒண்ணு. ஆதார்லயும் அதே. யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க. உன்னாண்ட அந்த பழைய கம்பெனி கார்டு கீது இல்ல, பி.எஃப். நம்பரு போட்டது, அது போதும். வர்றதுல பாதி உனுக்கு, பாதி இதுக்கு. நான் சத்தியம் பண்ணித் தரேன்."

தையல்நாயகி தலை நிமிரவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாடி சொல்ற?"

"உனுக்கு இஷ்டம் இல்லன்னா வோணாங்க்கா. மெய்யாலுமேதான் சொல்றேன்."

அன்றிரவு அங்காளம்மா எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தாள். அந்த ஏழு வருஷம் அவளுடையது. ஆனால் அதைக் கேட்டு அவள் எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. போனால் ஆதாரை நீட்டச் சொல்வார்கள், அதில் அங்காளம்மா என்று இருக்கும். நான்தான் அந்தத் தையல்நாயகி என்று சொன்னால் அடுத்த கேள்வி போலீஸ்காரன் கேட்கிற கேள்வியாக இருக்கும். மாதம் வரும் மகளிர் உரிமைத்தொகை வாடகையில் ஒரு மூலைக்குத்தான் காணும். முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் படி ஏறும்? பாதி என்பது ஒன்றுமில்லாததைவிடப் பாதி அதிகம். இரண்டு நாள் கழித்து, தகரப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கார்டை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

கார்டு மட்டும் போதவில்லை. கம்பெனி மூடிப்போனதால் சான்று தர ஆளில்லை, பழைய அத்தாட்சியோடு நேரில் வர வேண்டும் என்று தாம்பரம் பி.எஃப். ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். அங்கே ஏதாவது கேட்டால் தங்கை பதில் சொல்ல வேண்டும். அதனால் தையல்நாயகி ஒரு வாரம் பகலில் பீர்க்கன்கரணைக்கு வந்தாள். அக்கா சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தாள்.

"கேட்டுலேந்து உள்ள போனா மொதல்ல இன்னா இருக்கும்?"

"சைக்கிள் ஸ்டாண்டு. அப்பால செக்யூரிட்டி ரூமு. பையத் தொறந்து பாப்பாங்க."

"எனுக்கு எந்த டேபிளு?"

"ஜன்னலோரம், மூணாவது. கரெண்ட்டு பூட்சின்னா அங்க மட்டும் வெளிச்சம் வரும்."

மேஸ்திரி பெயர், கேன்டீனில் எந்தக் கிழமை என்ன போடுவார்கள், கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது, தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று இரவெல்லாம் நிறுத்திவைத்தது, எல்லாவற்றையும் அங்காளம்மா சொன்னாள். முதல் இரண்டு நாள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருபது வருஷமாக இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஆனால் தங்கை, "நான் ஜன்னலோரம் உக்காருவேன். நான் கத்திரிய இடுப்புல கட்டிக்குவேன்" என்று திருப்பிச் சொல்லத் தொடங்கியதும் பாதியில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் ஏஞ்சல் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் விட்டுப் போனவள் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏழு வருஷமும் தன் சாப்பாட்டில் பாதியை இவள் டப்பாவில் போட்டவள். அப்பா செத்த அன்று கம்பெனியிலிருந்து செம்பாக்கம்வரை இவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தவள். அவளை மட்டுமாவது தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று அங்காளம்மா நினைத்தாள்.

தாம்பரம் அலுவலகத்தில் அவர்களைக் கூப்பிட்ட அதிகாரியின் பெயர் சுந்தரராமன். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர்போல இருந்தார். மேசைக்கு முன் தையல்நாயகி உட்கார்ந்தாள். அங்காளம்மா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். குப்புராஜை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"இந்த அம்மா யாரு?"

"எங்கக்கா சார். தொணைக்கி வந்துகீது."

அவர் பொறுமையாகவே கேட்டார். எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, எப்போது மூடினார்கள். தையல்நாயகி படித்ததை ஒப்பித்தாள். கொஞ்சம் வேகமாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

"உங்ககூட வேலை செஞ்சவங்க யாராவது பேர் சொல்லுங்களேன். வேற யாராவது இதே கம்பெனி ஃபைலோட வந்திருந்தா ஒத்துப் பாக்கலாம்."

தையல்நாயகி மேஸ்திரி பெயரை மறுபடி சொன்னாள்.

"அவர் சூப்பர்வைசர். பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சவங்க? ஏழு வருஷத்துல ஒருத்தர் பேர்கூடவா ஞாபகம் இல்ல?"

அவள் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று அங்காளம்மாவுக்குத் தெரிந்தது.

"ஏஞ்சல்னு ஒருத்திய சொல்லுவியே," என்றாள் பெஞ்சிலிருந்தே. "உனுக்கு சோத்துல பாதி போடுவாளே. அப்பா செத்தன்னிக்கி உன்கூட வூடு வரிக்கும் நடந்து வந்தாளே. அதுக்குள்ளயா மறந்துட்ட?"

"ஆமா சார். ஏஞ்சலு," என்றாள் தையல்நாயகி. "ஏஞ்சலு, சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு கார்டைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி, ஓரத்தில் தண்ணீர் புகுந்து, போட்டோவில் முகவாய்ப் பக்கம் கரைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையல்நாயகியைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார்.

"இதப் பாத்தா உங்க மாதிரி இல்ல இருக்கு?"

அங்காளம்மா எழுந்து மேசைக்கு வந்தாள். கார்டை வாங்கிப் பார்த்தாள். கழுத்தில் கறுப்பு மணி, படிய வாரிய தலை, கேமராவைப் பார்த்துப் பயந்த கண். அந்தப் புடவை எந்தக் கடையில் எடுத்தது என்றுகூட ஞாபகம் இருந்தது.

"இது என் தங்கச்சிதான் சார்," என்றாள். "சின்ன வயசுல பாக்கறவங்கல்லாம் அப்டிதான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே மாரி கீதேன்னு."

அவர் கார்டைத் திரும்ப வாங்கி ஃபைலில் வைத்தார். "சரி. நீங்களே ஒரு சாட்சியா எழுதிக் குடுத்துடுங்க. இவங்க உங்க கூடப் பொறந்த தங்கச்சி, இத்தனை வருஷம் இந்தக் கம்பெனியில வேலை பாத்தது உங்களுக்கு நேரடியா தெரியும்னு. ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வைங்க."

வெளியில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தவர் எழுதிக் கொடுத்தார். அங்காளம்மா அதன் அடியில் எழுத்துக்கூட்டி அங்காளம்மா என்று கையெழுத்துப் போட்டாள். கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அவள் போட்டது தங்கையின் கையெழுத்து. அந்தக் கம்பெனி சம்பந்தமாக அவள் தன் சொந்தப் பெயரைப் போட்டது இதுதான் முதல் தடவை. தான் அங்கே வேலை பார்க்கவில்லை என்பதற்காகப் போட்டாள்.

அதை உள்ளே கொடுத்துவிட்டு இறங்கி வரும்போது தையல்நாயகி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். குப்புராஜ் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த மரியாதை அதற்கு முன்பும் பின்பும் அவள் பார்க்காதது.

நாலைந்து மாதத்தில் பென்ஷன் வரத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பத்தில் தையல்நாயகி மாதம் பிறந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள். பாதியை அக்கா கையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போவாள். அங்காளம்மா ஒரு வீட்டுச் சமையலை, அந்த மூன்றாவது மாடி வீட்டை, விட்டுவிட்டாள். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. குப்புராஜுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதம் வண்டி ரிப்பேர் என்றாள் தங்கை போனில். அதற்கடுத்த மாதம் போனையே எடுக்கவில்லை. விட்ட வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு அங்காளம்மா மேடவாக்கம் போனாள். தெருவை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றது. அதன் குழாயைத் தாண்டி உள்ளே போனபோது குப்புராஜ் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னா மாப்ள, மூணு மாசமா ஒண்ணும் காணோமே?"

"எதுக்கா?"

"எதுவா? என் பாதி."

அவன் சத்தத்தைக் குறைத்தான். கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். "பென்ஷன் யாரு பேருல வருது?"

"தையல்நாயகி பேர்ல."

"தையல்நாயகி யாரு?"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"எம் பொண்டாட்டிதான் தையல்நாயகி. அவதான் அந்த கம்பெனில வேல செஞ்சா. நீயே எழுதிக் குடுத்துகீற. உங்கையெழுத்து கீது, உன் ஆதாரும் கீது. யாராண்ட போய் இன்னான்னு சொல்லுவ நீ? கேட்டா எனுக்கும் பேஜாரு, உனுக்கும் பேஜாரு. வயசான காலத்துல இதெல்லாம் வோணுமா? இருந்து சாப்ட்டுப் போ."

"அவ கைல கார்டு குடு. அவ குடுப்பா எனுக்கு."

"ஏ.டி.எம்.மு கார்டா? அவளுக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?"

தங்கை வெளியே வருவாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று அங்காளம்மா காத்திருந்தாள். அவள் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் செம்பாக்கம் ஏரி தாண்டும்போதுதான் தனக்கு மூச்சு வாங்குவதே அவளுக்குத் தெரிந்தது. இருபது வருஷம் முன்னால் இதே வழியில் இதே மாதிரி வந்தாள். அன்றைக்காவது பணம் எங்கேயோ அவளுக்காகக் கிடக்கிறது என்று இருந்தது. இன்றைக்கு அதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் தையல்நாயகி நனைந்துகொண்டு நின்றாள். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொள்ளாமலே சொன்னாள்.

"நான் மூஞ்சி காட்ட மாட்டேன்னுட்டேங்க்கா."

"இன்னாடி உளர்ற?"

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். போன் கேமராவில் முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டினால் போதும், பதிவாகிவிடும். கெடு வந்தபோது குப்புராஜ் போனை நீட்டினான். அக்காவுக்குப் பாதி கொடுத்தால்தான் காட்டுவேன் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்திப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். ஒரு நாள் பின்னால் வந்து தாடையைப் பிடித்துத் திருப்பி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தான். இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் எத்தனை நேரம் பிடித்திருந்தாலும் திறக்கவில்லை.

"ரெண்டு மாசமா பணம் வர்ல," என்றாள் தையல்நாயகி. சொல்லும்போது சிரித்தாள். "அவுரு கைல இருக்கறது கார்டுதான். மூஞ்சி எங்கிட்ட இல்ல கீது."

அக்கா சந்தோஷப்படுவாள் என்று தங்கை எதிர்பார்ப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அங்காளம்மாவுக்கு வந்தது கோபம்தான்.

"பைத்தியமாடி உனுக்கு? நின்னு போச்சின்னா? அப்டியே போயே போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"போட்டும். உனுக்கு இல்லாதது எனுக்கு எதுக்கு?"

"எனுக்கு இல்லன்னா இல்லாம போவட்டும். அது கீதுன்னாவது இருக்கணும்டி! ஏழு வருசம்டி!" என்று கத்தினாள் அங்காளம்மா. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ஒண்ணுதான் நான் வேல செஞ்சதுக்கு கீது. அதயும் நீ நிறுத்திட்டு வந்து சிரிக்கிற."

தையல்நாயகியின் சிரிப்பு அடங்கியது. "நான் அன்னிக்கி வெளிய வரலன்னுதானே உனுக்கு கோவம்?"

"ஆமா."

"பயமா இருந்துச்சிக்கா."

அங்காளம்மா கொடியிலிருந்து துண்டை உருவி அவளிடம் கொடுத்தாள். தையல்நாயகி அன்று வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் அங்காளம்மா வேலைக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் பாங்கிக்குப் போனாள். கார்டு தொலைந்துவிட்டது, வேறு வேண்டும், பழையதை நிறுத்திவிடுங்கள் என்று தங்கையைச் சொல்லச் சொன்னாள். புதுக் கார்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லவைத்தாள். இதையெல்லாம் முதல் மாதமே செய்திருக்கலாம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் இணையச் சேவைக் கடைக்குப் போனார்கள். கல்லாவில் இருந்த வெண்ணிலா என்ற பெண் நம்பரைத் தட்டிவிட்டு நிமிராமலே கேட்டாள்.

"தையல்நாயகி யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அங்காளம்மா கையை எடுத்துத் தங்கையின் முதுகில் வைத்து முன்னால் தள்ளினாள்.

"கண்ண சிமிட்டுங்கம்மா. இன்னொரு தடவ. ஏன் அழறீங்க? அழுதா எடுக்காது."

அங்காளம்மா தன் புடவைத் தலைப்பால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். மூன்றாவது தடவையில் பதிவானது.

நின்றிருந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்தது. புதுக் கார்டு தையல்நாயகியின் பர்ஸில் இருந்தது. குப்புராஜ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். பிறகு பேசினான். அவள் அங்கேதான் இருந்தாள், போக வேறு இடம் இல்லை. அக்காவின் அறையில் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. பாதிப் பணம் மாதாமாதம் வந்தது. வரும் நாளில் தங்கை எங்கே போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று குப்புராஜ் ஒவ்வொரு தடவையும் கேட்டான். அவள் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அங்காளம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. தங்கைக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இருந்தன. அவள் போய்விட்டால் பென்ஷன் குறைந்து புருஷனுக்குப் போகும், வேறு யாருக்கும் போகாது என்று சத்யப்ரியா முன்பே சொல்லியிருந்தாள். தன்னைவிட நாலு வயது சின்னவள் தனக்கு முன்னால் போய்விடக் கூடாது என்று அங்காளம்மா சாமி கும்பிடும்போது வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகு அந்த வேண்டுதல் எப்படிப்பட்டது என்று அவளுக்கே சந்தேகமாக இருக்கும். தினமும் காலையில், வேலை செய்யும் வீட்டில் குக்கரை ஏற்றிவிட்டு, தங்கைக்குப் போன் செய்வது வழக்கமானது.

"மாத்திர போட்டியா?"

"போட்டேங்க்கா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

உப்பைக் குறைத்தாளா, கால் வீக்கம் வடிந்ததா, ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும் என்று வரிசையாகக் கேட்பாள். தங்கை சலிக்காமல் பதில் சொல்வாள். தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலைப்பொழுது, தையல்நாயகி வழக்கமான பதிலைச் சொல்லாமல் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"இத்தினி வருசமா நீ எனுக்கு தெனிக்கும் போன் பண்ணது இல்ல. இப்ப நீ எனுக்காவ கேக்குறியா, பென்ஷனுக்காவ கேக்குறியா?"

அங்காளம்மா அடுப்பைக் குறைத்தாள். உனக்காகத்தான் என்று சொல்லலாம். தங்கை அதை நம்பவும் நம்புவாள். வீட்டுக்கார அம்மா ஹாலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"தெர்லடி," என்றாள். "ரெண்டும்தான் இருக்கும். பிரிச்சிப் பாக்கத் தெர்ல எனுக்கு."

போனை வைத்துவிட்டாளோ என்று அங்காளம்மா திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"இன்னிக்கி இன்னும் போடல," என்றாள் தையல்நாயகி கடைசியில். "இரு, போட்டுக்கறேன்."

டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் விழுங்கும் சத்தம். அது முடியும்வரை அங்காளம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.